அப்பா போர்வெல்லில் இறக்கிய மோட்டார்

எங்கள் அப்பா மறைந்து ஓராண்டு நிறைகிறது. இந்த நினைவு மலரைக் கையில் வாங்கும் உறவினர்கள் எல்லோரும் அப்பாவைப் பொறுமைசாலி என்பார்கள். மகளாகச் சொல்கிறேன், அப்பா எதையும் மறக்காதவர்.

அலங்காநல்லூருக்கு அருகே, விவசாயக் குடும்பத்தில் இளைய மகனாகப் பிறந்தார். பாகம் பிரித்தபோது நிலம் இரண்டானது, கிணறு மட்டும் பொதுவில் நின்றது. தொண்ணூறுகளில் ஒரு கோடை. எங்கள் வாழை குலை தள்ளும் நேரத்தில் பெரியப்பா எங்கள் முறைத் தண்ணீரை நிறுத்தினார். குடிக்க ஒரு குடம் எடுக்கப் போன அம்மாவையும் விடவில்லை. தம்பி மனைவியிடம் நேராகப் பேசுவது எங்கள் குடும்பத்தில் வழக்கமில்லை. அதனால் நின்றிருந்தவர்களைப் பார்த்து, "குடத்தைக் கவுத்துட்டுப் போகச் சொல்லுங்கப்பா. தண்ணி வேணும்னா சொந்தமாத் தோண்டிக்கட்டும்" என்றார். அம்மா கவிழ்த்துவிட்டு வந்தார்.

வாழை காய்ந்தது. அப்பா சண்டைக்குப் போகவில்லை, போர் போட்டார். தண்ணீர் சுமாராகத்தான் வந்தது. டிரம் நிறைய எவ்வளவு நேரமாகிறது என்று கடிகாரத்தை வைத்துக்கொண்டு பார்த்தபின்தான் மதுரைக்கு மோட்டார் வாங்கப் போனார். நானும் உடன் போனேன்.

"ஏழரை எச்.பி. எடுங்கண்ணே, பீச்சி அடிக்கும்" என்றார் கடைக்காரர்.

"ஊறுறதே கொஞ்சம். அம்புட்டுப் பெருசு எதுக்கு? மூணு போதும்."

போர்க்குழிக்கு மேல் இரும்பு முக்காலி நட்டு, குழாய் குழாயாக இணைத்து, மோட்டாரை இறக்கினார்கள். சேற்றில் உட்காரக் கூடாது என்று அடியிலிருந்து பத்தடி மேலேயே நிறுத்தச் சொன்னார் அப்பா. பக்கத்தில் பெரிய சிமெண்ட் தொட்டி கட்டினார். சின்ன மோட்டார் மெதுவாகத் தொட்டியை நிரப்பும், தொட்டியிலிருந்து வயலுக்குப் பாயும். ஊரே சிரித்தது.

பெரியப்பா போட்டிக்குக் கிணற்றில் ஏழரை எச்.பி. இறக்கினார். ஒரு மணி நேரத்தில் கிணறு காலி. தண்ணீரில்லாமல் ஓடி மோட்டாரின் காயில் கம்பி புகைந்தது. அன்று அம்மாவைப் பாயசம் வைக்கச் சொல்லி வாங்கிக் கட்டிக்கொண்டேன். பிறகு பெரியப்பா போட்ட போர் இரண்டிலும் புழுதிதான் பறந்தது. நான் நின்று பார்த்தேன்.

கடைசியில் அப்பாவிடம் வந்தார். அப்பா மறுக்கவில்லை. தொட்டியிலிருந்து அவர் வயலுக்குக் குழாய் போட்டுக் கொடுத்தார். ஆனால் வால்வைத் திருகும் வீலைக் கழற்றி வீட்டில் மாட்டிவிட்டார். தண்ணீர் வேண்டும்போதெல்லாம் பெரியப்பா வாசலில் வந்து கேட்க வேண்டும். கேட்டார், ஆண்டுக்கணக்காக.

அப்பா நெஞ்சுவலியில் போனார், நான்கு நாள் ஆஸ்பத்திரி. பதினாறாம் நாள் பெரியப்பா என்னிடம், "தம்பிதான் போயிட்டானே தாயி, அந்த வீலை வால்வுலயே மாட்டிவிட்ரலாம்ல?" என்றார்.

"வீலு இப்ப அம்மாகிட்ட இருக்கு பெரியப்பா. அம்மாகிட்டயே நேரா கேளுங்க" என்றேன்.

ஆஸ்பத்திரியில் உடனிருந்த சித்தி, மாமா, மோட்டாரைப் பழுதின்றிப் பார்த்துக்கொள்ளும் மெக்கானிக் அண்ணன், துக்கத்தில் வந்து நின்ற அனைவருக்கும் எங்கள் நன்றி.

பெரியப்பாவுக்கும் நன்றி. இந்தச் சித்திரையில் கரும்பு வாடியபோது வந்தார். சொல்லிவிட வேறு ஆள் யாரும் இருக்கிறார்களா என்று சுற்றிப் பார்த்தார். பிறகு அம்மாவின் முகத்தைப் பார்த்து, "தண்ணி வேணும் தாயி" என்றார். அம்மா உடனே வீலை எடுத்துக் கொடுத்துவிட்டார். நானாக இருந்தால், சரியாகக் காதில் விழவில்லை, இன்னொரு தரம் சொல்லுங்கள் என்றிருப்பேன்.