என் பட்டியலில் ஏழாவதாக இருந்த பிடி

ஆலை வாசலில் காவலுக்கு நிற்கும் பாண்டி அண்ணன்தான் அதை முதலில் பார்த்தார்.

"என்னம்மா, ஒரு கண்ணு மட்டும் இன்னும் தூங்குது?"

எனக்குப் பின்னால் நின்ற ஒருத்தி, "அண்ணே, அது உங்களப் பாத்துக் கண்ணடிக்குது" என்றாள். வரிசையில் நின்றவர்கள் சிரித்தார்கள். நானும் சிரித்துக்கொண்டே உள்ளே போனேன்.

கழிவறைக் கண்ணாடியில் பார்த்தபோது இடது இமை பாதி இறங்கியிருந்தது. விரலால் தூக்கிப் பார்த்தேன். இடது கண்ணின் பாவை வலதைவிடச் சிறியதாக இருந்தது. வாகன உதிரிபாகம் செய்யும் ஆலையில் தர ஆய்வு என் வேலை. ஒரே அச்சில் வந்த இரண்டு பொருள்களில் ஒன்று மட்டும் அளவு மாறியிருந்தால் அதற்குக் காரணம் ஒன்று இருந்தே தீரும்.

அங்கேயே நின்று கைப்பேசியில் எழுதினேன். ஒன்று, ஐந்து நாளாக இடப்பக்கக் கழுத்தில் வலி. இரண்டு, இடது கண்ணுக்குப் பின்னால் தலைவலி. மூன்று, இடது காதுக்குள் நாடித் துடிப்போடு சேர்ந்து வரும் உஸ் உஸ் என்ற சத்தம். நான்கு, இமை. ஐந்தாவதாக ஒன்றை எழுதி, உடனே அழித்துவிட்டேன்.

மதியம் அம்மாவுடன் மருத்துவமனைக்குப் போனேன். நரம்பியல் மருத்துவர் டார்ச் அடித்து இரண்டு கண்களையும் மாறி மாறிப் பார்த்தார். பிறகு அம்மாவைக் கொஞ்சம் வெளியில் இருக்கச் சொன்னார். கதவு சாத்தியதும் குரலைத் தணித்துக் கேட்டார்.

"யாராவது உங்க கழுத்த நெரிச்சாங்களா? வீட்லயோ, வெளியிலயோ. பயப்படாம சொல்லுங்க."

"ஆமா மேடம். ஆனா விதிப்படிதான்."

அவர் பேனாவைக் கீழே வைத்தார். அழித்த ஐந்தாவது வரியைச் சொல்ல வேண்டியதாயிற்று.

காளவாசல் சிக்னலுக்குப் பின்னால் ஒரு டயர் கடையின் மாடியில் கலப்புத் தற்காப்புக் கலைப் பயிற்சிக்கூடம் இருக்கிறது. குத்து, உதை, மல்யுத்தப் பிடி எல்லாம் கலந்த சண்டை. அங்கே இரண்டு வருடமாகப் போகிறேன். வீட்டில் தற்காப்பு வகுப்பு என்று மட்டும் சொல்லியிருந்தேன். சேர்ந்த முதல் மாதமே, விதிகள் அனுமதிக்கும் ஆபத்தான உத்திகளை நோட்டில் ஒரு பட்டியலாகப் போட்டேன். எங்கள் ஆலையில் ஒரு பாகம் எப்படியெல்லாம் பழுதாகும் என்று போடும் அதே அட்டவணைதான். மூன்று கட்டங்கள்: பாதிப்பு எவ்வளவு, நடக்க வாய்ப்பு எவ்வளவு, முன்கூட்டித் தெரியுமா.

முதல் இடம் குதிகால் பூட்டுக்கு. குதிகாலைப் பிடித்துத் திருகினால் வலி தெரியும் முன்பே முழங்கால் நார்கள் அறுந்துவிடும். அடுத்து, ஆளைத் தலைக்கு மேல் தூக்கித் தரையில் அடிப்பது. பிறகு முழங்கை வெட்டு, நிற்பவரின் தலைக்கு முழங்கால் உதை, கழுத்துத் திருகல், தோள் பூட்டு. ஏழாவதாக, பின்னாலிருந்து கையால் கழுத்தை நெரிக்கும் பிடி. அதன் கடைசிக் கட்டத்தில் 'நன்றாகத் தெரியும்' என்று எழுதியிருந்தேன். கண் இருட்டத் தொடங்கும், எதிராளியின் மேல் இரண்டு முறை தட்டினால் விட்டுவிடுவார், எல்லாம் சரியாகிவிடும். பயிற்சி தரும் மாஸ்டர் சொல்லும் கணக்குப்படி மயங்க எட்டு வினாடி ஆகும்.

அந்த எட்டைத்தான் நான் பிடித்துக்கொண்டேன். போட்டிக்குத் தேர்வாக வேண்டும் என்பதால் தாங்கும் நேரத்தைக் கூட்டிக்கொண்டே போனேன். ஒரு வாரம் மூன்றாவது வினாடியில் தட்டினேன், அடுத்த வாரம் நான்காவதில், பிறகு ஐந்தாவதில். ஒவ்வொன்றையும் நோட்டில் குறித்தேன். என்னோடு பயிற்சி செய்யும் முத்துமாரி, "மாப்ள, எதுக்குடி இம்புட்டு நேரம்? சீக்கிரம் தட்டித் தொலை" என்பாள். எட்டு வரை இடமிருக்கிறது என்று நான் சொல்வேன்.

எங்கள் ஆலையில் உடையும் எல்லை வரை சோதித்த பொருளை யாருக்கும் அனுப்ப மாட்டோம், கழித்துவிடுவோம். நான் என் கழுத்தைச் சோதித்துவிட்டு, மறுநாள் அதே கழுத்தோடு வேலைக்குப் போய்க்கொண்டிருந்தேன்.

அன்றே சி.டி. ஆஞ்சியோ (சாயம் செலுத்தி இரத்தக் குழாய்களைப் படமெடுப்பது) எடுத்தார்கள். இடது கரோட்டிட் தமனியில் (கழுத்தின் பக்கவாட்டில் மூளைக்கு இரத்தம் கொண்டு போகும் குழாய்) டிசெக்‌ஷன் (குழாயின் உட்சுவர் கிழிதல்) இருந்தது. கிழிந்த சுவருக்குள் இரத்தம் புகுந்து, குழாயை உள்ளிருந்து நெருக்கிக்கொண்டிருந்தது. குழாயை ஒட்டிப் போகும் மெல்லிய நரம்புகள் அதில் நசுங்கியதால்தான் இமை இறங்கியிருந்தது.

"இமை பெரிய விஷயமில்ல" என்றார் மருத்துவர். "கிழிஞ்ச எடத்துல ரத்தம் கட்டியாகலாம். அந்தக் கட்டி ஒடஞ்சு மேல போனா ஸ்ட்ரோக் (மூளைக்கு இரத்தம் தடைபட்டு வரும் பக்கவாதம்). உங்களுக்கு இடது பக்கம். அப்ப வலது கை, கால், பேச்சு பாதிக்கும்."

"கட்டி எப்ப மேடம் மேல போகும்?"

"போகாமலே இருக்கலாம். மொத சில வாரம் ரொம்பக் கவனமா இருக்கணும்."

கழுத்து வலிக்கு வேறு ஏதாவது செய்தீர்களா என்று கேட்டார். உள்ளே வந்திருந்த அம்மா தயங்கித் தயங்கிச் சொன்னார். சுளுக்கு என்று நினைத்து, காலால் பிறந்த பக்கத்து வீட்டு அக்காவிடம் என்னைக் கூட்டிப்போயிருந்தார். தாயின் வயிற்றிலிருந்து கால் முதலில் வந்து பிறந்தவர்கள் மிதித்து நீவினால் சுளுக்கு போகும் என்பது எங்கள் பக்கத்து நம்பிக்கை. நான் குப்புறப் படுத்தேன். அந்த அக்கா குதிகாலால் கழுத்தை மூன்று முறை நீவிவிட்டார்.

மருத்துவர் அதையும் எழுதிக்கொண்டார். "இனிமே கழுத்துல யாரையும் கை வைக்க விடாதீங்க" என்றார். "காலும்தான்."

கிழித்தது ஐந்தாவது வினாடியா, குதிகாலா என்று அவரால் சொல்ல முடியவில்லை. எனக்கு இன்று வரை தெரியாது.

இரத்தம் உறையாமல் இருக்க மாத்திரை கொடுத்தார்கள். நான்கு நாள் கழித்து வீட்டுக்கு அனுப்பினார்கள். கனம் தூக்கக் கூடாது, கழுத்தை வெடுக்கென்று திருப்பக் கூடாது, அண்ணாந்து பார்க்கக் கூடாது. அம்மா வேண்டிக்கொண்டதால் இரண்டு மாதம் கழித்து அழகர்கோவிலுக்குப் போனோம். நான் கோபுரத்தைப் பார்க்காமல் அதன் நிழலைப் பார்த்துக்கொண்டு உள்ளே போனேன்.

இதே நோயோடு வீட்டுக்கு வந்திருப்பவர்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். மருத்துவமனையில் பயம் குறைவு. வீட்டில்தான் அது வளர்கிறது. மணிக்கொரு முறை கண்ணாடியில் சிரித்துப் பார்த்தேன், வாய் கோணுகிறதா என்று. இரு கைகளையும் நீட்டிப் பார்த்தேன், வலது இறங்குகிறதா என்று. பேச்சு குழறுகிறதா என்று அறிய, ஆலைப் பேருந்து நிற்கும் இடங்களை வரிசையாகச் சொல்வேன். குளியலறையில் ஒருநாள் சொல்லிக்கொண்டிருந்தபோது வெளியிலிருந்து அம்மா கேட்டார்: "கண்டக்டர் வேலைக்குப் போகப் போறியாடி?"

வீட்டுக்கு வந்த பன்னிரண்டாம் நாள் காலை, சாம்பார் ஊற்றும்போது வலது கையிலிருந்து கரண்டி விழுந்தது. நான் அசையாமல் உட்கார்ந்தேன். காளவாசல், பைபாஸ், பழங்காநத்தம் என்று சொல்லத் தொடங்கினேன். அடுத்த பெயர் வரவில்லை. அம்மா என் கையைப் பிடித்துத் தெருவுக்குக் கூட்டிவந்து மருத்துவமனைக்கு ஆட்டோ பிடித்தார். ஆட்டோவில் பாதி வழி போன பிறகுதான் அந்தப் பெயர் வந்தது. எம்.ஆர்.ஐ. (காந்தப்புலத்தால் எடுக்கும் உள்ளுறுப்புப் படம்) இயந்திரத்துக்குள் என்னைத் தள்ளியபோது, என் கை தானாக மேடையின் ஓரத்தை இரண்டு முறை தட்டியது. யாரும் விடவில்லை. விடுவதற்கு அங்கே யாரும் என்னைப் பிடித்திருக்கவில்லை.

மூளையில் எதுவும் இல்லை. "கரண்டி எல்லாருக்கும் விழும்மா" என்றார் மருத்துவர். "ஆனா நீங்க வந்தது சரி. இனிமேயும் வாங்க."

மறுநாள் முத்துமாரி வந்தாள். பிடி, தட்டுவது எல்லாவற்றையும் மருத்துவமனையிலேயே அம்மாவிடம் சொல்லியிருந்தேன், பிடித்தது யார் என்பதை மட்டும் சொல்லவில்லை. அம்மா காபி கொடுத்தார். அவள் குடிக்காமல் டம்ளரைக் கீழே வைத்தாள்.

"அத்தை, நாந்தான் பிடிச்சேன். இவ கழுத்த."

அம்மா அவளைப் பார்த்தார், பிறகு என்னைப் பார்த்தார். "இவ தட்டலையா?"

"தட்டுனா. தட்டுனதும் விட்டுட்டேன். அஞ்சாவது செகண்டு."

"மொத செகண்டுலயே தட்டுனா என்னடி கொறஞ்சு போயிருவ?"

கேள்வி என்னிடம். "காபி ஆறுது, குடி" என்று அம்மா அவளிடம் சொல்லிவிட்டு உள்ளே போனார். முத்துமாரி அழுதுகொண்டே குடித்தாள்.

ஆறு மாதம் கழித்து எடுத்த படத்தில் சுவர் பெரும்பாலும் ஒட்டியிருந்தது. ஓரிடத்தில் குழாய் இன்னும் கொஞ்சம் குறுகலாக இருக்கிறது. இமை ஏறிவிட்டது, களைத்தால் சற்றே இறங்கும். சண்டைப் பிடிகள் இனி கூடாது. நோட்டை எடுத்து ஏழாவது வரியின் கடைசிக் கட்டத்தை அடித்துவிட்டு, 'தெரியாது' என்று எழுதினேன். முதல் இடத்துக்கு மாற்றவில்லை. எந்தப் பிடியை எந்த இடத்தில் வைப்பது என்று எனக்கு இப்போது தெரியவில்லை.

முன்பு என் கழுத்து எனக்குத் தெரியாது. தலைக்கும் தோளுக்கும் நடுவில் இருந்தது, அவ்வளவுதான். இப்போது பேருந்து பள்ளத்தில் இறங்கினால் முதலில் கழுத்துதான் விழித்துக்கொள்கிறது. வினாடிகளும் மாறிவிட்டன. முன்பு எட்டில் ஐந்து போனால் மூன்று மிச்சம். இப்போது மொத்தம் எத்தனை என்றே தெரியாது.

போன வாரம் மருத்துவமனையிலிருந்து முத்துமாரியின் வண்டியில் திரும்பினேன். காளவாசல் சிக்னலில் என் ஹெல்மெட் வார் அவிழ்ந்திருந்தது. அவள் திரும்பி, மாட்டிவிடக் கை நீட்டினாள். எதிரே சிவப்பு எண்கள் குறைந்துகொண்டிருந்தன. அவள் விரல் இடப்பக்கக் கழுத்தில் பட்டது. வலிக்கவில்லை. ஆனாலும் நான் அவள் தோளில் இரண்டு முறை தட்டினேன்.

உடனே கையை எடுத்துவிட்டாள். பின்னால் வண்டிகள் ஹாரன் அடிக்கத் தொடங்கின. அவள் வண்டியை ஓரங்கட்டி நிறுத்தி, நானே வாரை மாட்டி முடிக்கும் வரை முன்னால் பார்த்துக்கொண்டு காத்திருந்தாள்.