அமிர்தவள்ளி போட்ட பாஸ்

குளியலறையில் குழாய்த் தண்ணீர் கொட்டிக்கொண்டே இருந்தது. வாளி நிறைந்து வழிந்தும் சத்தம் நிற்கவில்லை. தான் முனகுவது கூடத்தில் கேட்டுவிடக் கூடாதென்றுதான் ரத்தினசாமி குழாயைத் திறந்து விடுகிறான். அது அவன் மனைவி அமிர்தவள்ளிக்குத் தெரியும். எதிரே உட்கார்ந்திருந்த நர்ஸ் ஹெலனுக்கும் தெரியும்.

ஆம்பூர் ஷூ கம்பெனி ஒன்றில் அமிர்தவள்ளி செக்கர். ஒவ்வொரு லாட்டிலும் சில ஜோடிகளை மட்டும் எடுத்துப் பார்ப்பாள். தையலும் ஒட்டலும் சரியாக இருந்தால் லாட் முழுவதற்கும் பாஸ். அவள் பாஸ் போட்டு அனுப்பியது ஒன்றுகூடத் திரும்பி வந்ததில்லை. அந்தக் கர்வம் அவளுக்கு உண்டு.

போன தை மாதம், தோல் பதனிடும் டேனரியில் வேலை செய்யும் ரத்தினசாமிக்கு மலத்தோடு ரத்தம் போனது. அமிர்தவள்ளியின் கம்பெனி நர்ஸான ஹெலன்தான் டாக்டரிடம் அனுப்பினாள். ரத்தம் எடுத்து, கேன்சரைக் காட்டிக்கொடுக்கும் மார்க்கர் அளவைப் பார்த்தார்கள். நார்மல்.

“இது நார்மலா இருந்தாலும் கட்டி இருக்கலாம்மா. கேமரா விட்டுக் குடலைப் பாத்துடணும்” என்றார் டாக்டர்.

பின்பக்கமாகக் கேமராவா என்று கூசிப்போன ரத்தினசாமி, மனைவியின் முகத்தைப் பார்த்தான்.

“ரத்தம் உடம்பு பூரா ஓடுது. அதுலயே ஒண்ணும் இல்லன்னா அப்புறம் இன்னா? எழுந்திருங்க, போலாம்” என்றாள் அவள்.

லாட்டைப் பார்க்கிற கண்ணாலேயே கட்டியவனையும் பார்த்துவிட்டாள், பாவி. மூலம்தான் என்று கருணைக்கிழங்கு சமைத்துப் போட்டாள். ஐப்பசியில் அவன் சுருண்டு விழுந்த பிறகுதான் கேமரா விட்டார்கள். கட்டி கல்லீரல்வரை பரவியிருந்தது.

தண்ணீர்ச் சத்தம் நின்றது. லுங்கியை இறுக்கியபடி, சுவரைப் பிடித்துக்கொண்டு ரத்தினசாமி வந்தான்.

“திங்கட்கிழமை அட்மிட் ஆவணும்ணா. மொதல்ல மருந்து ஏத்துவாங்க. சுருங்கினாத்தான் ஆபரேஷன்” என்றாள் ஹெலன்.

“வர்றேன் சிஸ்டர்.” அவன் மனைவியைப் பார்த்துச் சிரித்தான். “இவ பாஸ் போட்டதுல ரிட்டர்ன் வந்தது நான் ஒருத்தன்தான்.”

திட்டியிருந்தாலாவது அவளால் அழுதிருக்க முடியும்.

ஹெலனை வழியனுப்ப வாசல்வரை வந்தவள் குரலைத் தாழ்த்தினாள். “சிஸ்டர், தை மாசமே கேமரா விட்டிருந்தா?”

ஹெலன் குனிந்து செருப்பை மாட்டினாள். இடது வாரில் ஒரு தையல் விட்டிருந்தது. அமிர்தவள்ளியின் கண்ணுக்கு அது தப்பவில்லை.

ஹெலன் நிமிர்ந்து அவள் கையை அழுத்தினாள். “திங்கட்கிழமை சீக்கிரம் வந்துடுங்கக்கா.”

அவள் தெருமுனை திரும்பும்வரை நின்றுவிட்டு, அமிர்தவள்ளி கதவைச் சாத்தினாள்.