துணிக்கொடியும் வெடித்த நட்சத்திரமும்

எங்கள் தொழிலில் யாரையும் நம்பக் கூடாது, நட்சத்திரத்தைக்கூட. வெடித்துச் சிதறிய ஒரு நட்சத்திரத்தில் கதிரியக்க டைட்டானியம் எவ்வளவு உண்டானது என்று கணிப்பது என் வேலை. அது சிதையச் சிதைய, சுற்றியுள்ள தூசி சூடாகும். அந்தச் சூடு அகச்சிவப்பு ஒளியாக வரும். தொலைநோக்கி எடுத்த படத்தில் அதை அளந்து, பின்னோக்கிக் கணக்குப் போட வேண்டும். ஆய்வேட்டின் கடைசிக் கட்டத்தில், நெய்வேலியில் அப்பாவின் நிலக்கரிச் சுரங்கக் குவார்ட்டர்ஸில் உட்கார்ந்து, ஓர் இன்டர்நெட் டாங்கிளை நம்பி இதைச் செய்தேன். "என்ன வேலை பார்க்கிறாய்?" என்ற கேள்விக்கு உண்மையைச் சொல்லி மாட்டிக்கொண்டவர்களுக்கு என் பாடு புரியும்.

இட்லி மாவு

எதிர் வீட்டு சரசு அக்காவின் ஃப்ரிட்ஜ் கெட்டுப்போனதால், அவர்கள் மாவு எங்கள் வீட்டில் இருந்தது. எடுக்க வந்தவர், "நாளெல்லாம் கம்ப்யூட்டர் பாத்துக்கினு இருக்கியே, இன்னாம்மா அது?" என்றார். கதிரியக்கம் என்று சொல்லித் தொலைத்தேன். நட்சத்திரம் கோடானுகோடி மைல் தள்ளி இருக்கிறது, இங்கே வருவது வெறும் படம் என்று விளக்கினேன். பொறுமையாகக் கேட்டுவிட்டு, பாத்திரத்தை மூடினார். "நீ படிச்ச பொண்ணு, சொன்னா சரியாத்தான் இருக்கும். மாவு எங்க வூட்லயே புளிச்சாலும் பரவால்ல."

மேப்

லேப்டாப் சூடாகி நின்றுவிட்டது. மந்தாரக்குப்பத்தில் ரிப்பேர் கடை வைத்திருக்கும் ஏழுமலையிடம் கொண்டுபோனேன். அவர் சொந்த ஊர் முத்தாண்டிக்குப்பம். அங்கே முந்திரித் தோப்பு உண்டு. லேப்டாப்புக்கு உயிர் வந்ததும் திரையில் என் நட்சத்திரம் சிவப்பும் மஞ்சளுமாகத் திட்டுத் திட்டாகத் தெரிந்தது. அவர் முகம் மாறிவிட்டது. "மைன்ஸுக்கு நெலம் எடுக்கற மேப்புங்களா? எங்க ஊரு இதுல எங்க வருது?"

இது வானம், இங்கிருந்து ரொம்ப தூரம் என்றேன்.

"ரொம்ப தூரம்னுதாங்க மொதல்ல எல்லாரும் சொல்றாங்க."

இரண்டு மடங்கு

என் கணக்கில் டைட்டானியம், இதே நட்சத்திரத்தை அளந்த மற்றவர்கள் சொன்னதைப்போல் இரண்டு மடங்கு வந்தது. ஆய்வேடே அந்த ஓர் எண்ணின் மேல்தான் நின்றது. அது விழுந்தால் நானும் விழுவேன். பயமாக இருந்தது. கூடவே, உலகமே தவறவிட்டதை நான் பிடித்துவிட்டேனோ என்று கொஞ்சம் தலைக்கனமும். சென்னையிலிருந்த என் பேராசிரியருக்குப் போன் செய்தேன். "ஒண்ணு, நீ பெரிய கெட்டிக்காரியா இருக்கணும். இல்ல, கணக்கு தப்பா இருக்கணும். உன்னை எனக்கு ரொம்ப நாளாத் தெரியும்மா."

கொடி

துவைத்துப் போட்ட துணியில் கரித்தூசி இருந்தால் அம்மா உடனே யாரையும் திட்டமாட்டார். முதலில் பக்கத்து வீட்டுக் கொடியை எட்டிப் பார்ப்பார். அன்றும் பார்த்துவிட்டு, அப்பாவின் சட்டையை உதறிக்கொண்டே சொன்னார்: "அவங்க துணியிலயும் இருந்தா காத்து கொண்டாந்தது. நம்மளதுல மட்டும் இருந்தா, எவளோ குப்பையைக் கொளுத்தியிருக்கா."

சுத்தமான மூலை

ஓடிப்போய் லேப்டாப்பில் படத்தைத் திறந்தேன். நட்சத்திரத்தை அளக்கும்போது, வழியில் பரவிக் கிடக்கும் வேற்றுத் தூசியின் ஒளியைக் கழிக்க வேண்டும். அதற்காகப் பக்கத்து வானத்தில் ஓர் இடத்தையும் அளப்போம். நெய்வேலியில் வளர்ந்தவள் இல்லையா, தூசியைக் கண்டாலே ஒதுங்குகிற புத்தி. படத்திலேயே சுத்தமான மூலையாகத் தேடிப் பிடித்து அளந்திருந்தேன். அங்கே தூசி குறைவு, அதனால் கழித்ததும் குறைவு. காற்று கொண்டுவந்ததையெல்லாம் நட்சத்திரத்தின் தலையில் கட்டிவிட்டேன்.

நட்சத்திரத்தை ஒட்டிய இடங்களை அளந்து மறுபடி கணக்குப் போட்டேன். இரண்டு மடங்கு போயே போய்விட்டது. எண் மற்றவர்களுடையதோடு ஒத்துப்போனது. ஊரோடு ஒத்து வாழ் என்பார்களே, அந்த நிம்மதியில் போன் செய்தேன். பேராசிரியர் சொன்னார்: "எல்லாரோடதோடயும் ஒத்துப்போகுதா? எங்கயோ இடிக்குதே, இன்னொரு தடவை பாரு."

பார்த்தேன், எதுவும் இடிக்கவில்லை, ஆய்வேட்டை ஏற்றுக்கொண்டு பட்டமும் கொடுத்துவிட்டார்கள். ஏன் கொடுத்தார்கள் என்பதுதான் எனக்கு இன்னும் சந்தேகமாக இருக்கிறது.