எருமையோடு எடுத்த படம்

எங்கள் அம்மா இறந்தபோது தெருமுனையில் கட்டிய கண்ணீர் அஞ்சலி பேனரில் இருந்தது அவருடைய வாக்காளர் அட்டைப் படம். அவசரத்துக்கு அதுதான் கையில் கிடைத்தது. தபால்தலை அளவுப் படத்தை ஆள் உயரத்துக்கு இழுத்தால் என்ன ஆகுமோ அது ஆகியிருந்தது. அம்மா ஏதோ திருட்டு வழக்கில் சிக்கி, இன்னும் ஒப்புக்கொள்ளாத ஆள் மாதிரி தெருவைப் பார்த்துக்கொண்டிருந்தார். துக்கம் கேட்க வந்தவர்கள் வீடு மாறிவிட்டோமோ என்று செத்த நேரம் தயங்கித்தான் உள்ளே வந்தார்கள்.

அதனால்தான், மதுரையில் டாக்டர் சொன்னதைக் கேட்டுவிட்டுத் திரும்பும்போது, பஸ் கொடைரோடு தாண்டியதும் அக்கா போட்டோவைப் பற்றிப் பேசினாள்.

“ஏலே, முகம் முகமா இருக்கும்போதே நல்லதா ஒரு போட்டோ எடுத்து வச்சிரு. அம்மாவுக்குச் செஞ்ச கூத்த எனக்கும் செஞ்சிராத.”

“இப்ப எதுக்குக்கா அந்தப் பேச்சு?”

“பெறகு எப்ப பேச? செத்த பெறகா?”

அக்கா கணக்கு டீச்சர். கல்யாணம் செய்துகொள்ளவில்லை. ஓய்வுபெற்ற பிறகு திண்டுக்கல்லில் எங்கள் வீட்டில்தான் இருந்தாள். விடை தெரிந்த பிறகும் கணக்கை இழுத்துக்கொண்டு போவது அவளுக்குப் பிடிக்காது. நான் பத்திரிகைகளில் நகைச்சுவைக் கட்டுரை எழுதிப் பிழைக்கிறவன். என் எழுத்தைப் பற்றி வந்த ஒரே விமர்சனமும் அவளுடையதுதான். “படிச்சேன்டா. எந்த எடத்துல சிரிக்கணும்னு ஓரமா குறிச்சு வச்சா தேவலை.”

அவளைப் படம் எடுப்பது லேசுப்பட்ட காரியமில்லை. பள்ளிக்கூடக் குரூப் போட்டோக்கள் எல்லாவற்றிலும் நடு நாற்காலியில் உட்கார்ந்து, கேமராக்காரரை வீட்டுப்பாடம் எழுதாமல் வந்த பையனைப் போலப் பார்த்துக்கொண்டிருப்பாள். ஸ்டூடியோவுக்குக் கூட்டிப்போனேன். “கொஞ்சம் சிரிங்கம்மா” என்றார் போட்டோக்காரர். “எதுக்கு?” என்றாள். நியாயமான கேள்வி. மொட்டைமாடியில் மலைக்கோட்டை பின்னால் தெரிகிற மாதிரி நானே எடுத்துப் பார்த்தேன். சில படங்களில் என் கட்டைவிரல் நன்றாக விழுந்திருந்தது. மற்றவற்றில் மலை.

இதற்கிடையில் கன்னம் உள்ளே போய்க்கொண்டிருந்தது. “வெரசா எடுடா. சரக்கு தீர்ந்துக்கிட்டே வருது” என்றாள்.

ஒருநாள் தாடிக்கொம்புப் பெருமாளைப் பார்த்துவிட்டுத் திரும்பினோம். ஆட்டோவின் குலுக்கல் தாங்காமல் நிறுத்தச் சொன்னாள். சாலையோரத்தில் ஒரு சம்பங்கித் தோட்டம். அதன் முகப்பில் வேப்பமரம், மரத்தடியில் ஒரு எருமை. அக்கா இறங்கி நிழலுக்குப் போனாள். எருமை மெதுவாக எழுந்து அவளை நோக்கி வந்தது. “பாத்துக்கா” என்று கத்தினேன். ஆனால் நான் ஆட்டோவுக்கு இந்தப் பக்கம்தான் நின்றுகொண்டிருந்தேன் என்பதையும் சொல்லிவிட வேண்டும்.

“முட்டாதும்மா, பயப்படாதீக” என்று எருமைக்கார அம்மாள் தோட்டத்திலிருந்து குரல் கொடுத்தார்.

எருமை அக்காவின் புடவையை முகர்ந்தது. மணிக்கட்டை ஒருதரம் நக்கிப் பார்த்தது. பிறகு தலையைத் தாழ்த்தி, இந்தா என்பதுபோல நெற்றியை நீட்டியது. அக்கா வலது கையை எடுத்து அதன் கொம்புகளுக்கு நடுவே வைத்துத் தேய்க்க ஆரம்பித்தாள். ஆயுசு முழுக்கக் கரும்பலகையைத் துடைத்த கை, கருப்பாக எதைக் கண்டாலும் அப்படித்தான் தேய்க்கும் போலிருக்கிறது. எருமை கண்ணை மூடிக்கொண்டது.

“அட! எம் புருசனையே கிட்ட அண்ட விடாது இது” என்றபடி அந்த அம்மாள் வந்து நின்றார்.

“ஒன்னயவிட அடக்கமா இருக்குடா” என்று அக்கா என்னைப் பார்த்துச் சொன்னாள். பிறகு எருமையின் முகத்தைக் குனிந்து பார்த்தாள். “வண்டி வந்துருச்சு. டிரைவரத்தான் காணோம்.”

சொல்லிவிட்டுச் சிரித்தாள். பல் தெரிய, கண் இடுங்க, தோள் குலுங்கச் சிரித்தாள். நான் போன் கேமராவை அழுத்தினேன். எப்படி அழுத்தினேன் என்று தெரியவில்லை. கட்டைவிரல்கூட விழவில்லை.

ஆட்டோவில் ஏறியதும் போனை வாங்கிப் பார்த்தாள். “இதத்தான் பேனர்ல போடணும்.”

“எருமையோடயா?”

“எருமையோடதான். அது இல்லாம நான் எங்க சிரிச்சேன்? அத வெட்டுன, நான் வந்து ஒன்ன வெட்டுவேன்.”

சரி என்றேன். கடைசி நாட்களில் அறையிலிருந்த கண்ணாடியை எடுத்துவிடச் சொன்னாள். அதற்குப் பதில் என் போனைக் கேட்பாள். படத்தைப் பார்த்துவிட்டுத் திருப்பிக் கொடுப்பாள்.

ஒரு மழை நாளில் போய்ச் சேர்ந்தாள். வழக்கம்போல எங்கள் சித்தப்பா பொறுப்பை எடுத்துக்கொண்டார். யார் வீட்டுச் சாவானாலும் அது அவருடைய சாவு மாதிரி நடத்துவார். படத்தைக் காட்டினேன்.

“ஏன்ப்பா, ஒனக்குப் புத்தி கெட்டுப்போச்சா? சாவு பேனர்ல எருமையா? எமனோட வாகனத்தையே கொண்டாந்து தெருமுனையில நிப்பாட்டப் போறியா?”

“அக்கா சொன்னதுதான் சித்தப்பா.”

“அவ குசும்புக்குச் சொல்லியிருப்பா. ஒனக்கெங்க போச்சு அறிவு?”

நான் மசியவில்லை. முழுப் படத்தையும் பிளக்ஸ் கடைக்கு வாட்ஸப்பில் அனுப்பி, எருமை கட்டாயம் இருக்க வேண்டும் என்று குரலிலும் சொல்லிப் பதிவு செய்து போட்டேன். வாழ்க்கையில் நான் உறுதியாக நின்ற சந்தர்ப்பங்கள் சொற்பம். அதில் இது ஒன்று என்று நினைத்துக்கொண்டேன்.

பேனர் வந்து கட்டியும் ஆகிவிட்டது. எருமை இல்லை. கடைக்காரரைக் கூப்பிட்டேன்.

“பெரியவர் போன் போட்டாரு சார். நைசா தூக்கிட்டேன், தடமே தெரியாது. அதுக்குத் தனி சார்ஜெல்லாம் இல்ல சார்.”

எருமை நின்ற இடத்தில் மேகம் போட்டிருந்தார். இரண்டு புறா, ஒரு குத்துவிளக்கு. ஆனால் கையை மட்டும் அவரால் ஒன்றும் செய்ய முடியவில்லை. மேகத்தின் மேல், உள்ளங்கை கவிழ, எதையும் தொடாமல் நீண்டிருந்தது அக்காவின் வலது கை. திரும்ப அடித்து வாங்க நேரமில்லை. ஃப்ரீசர் பெட்டியைச் சுற்றி ஆட்கள் வந்துகொண்டிருந்தார்கள்.

நடுவயதுப் பெண் ஒருத்தி பேனர் முன்னால் நின்றுவிட்டாள். அக்காவிடம் படித்தவளாம். “டீச்சர் ஆசீர்வாதம் பண்றாங்க பாருங்க” என்று சொல்லி, அந்தக் கைக்குக் கீழே தலையைக் குனிந்து, தேம்பினாள். அதைப் பார்த்து இன்னும் இரண்டு பேர் குனிந்தார்கள். அக்கா உயிரோடு இருந்தவரை யாரையும் ஆசீர்வதித்து நான் பார்த்ததில்லை. குட்டித்தான் பார்த்திருக்கிறேன். ஒருவேளை இதே தலைகளில்.

இத்தனை வருடம் சிரிப்பு எழுதியிருக்கிறேன். இப்படி ஒன்று என் பேனாவில் விழுந்ததில்லை. ஓடிப்போய் ஒரு ஆளிடம் சொல்ல வேண்டும் போலிருந்தது. அந்த ஆள் பெட்டிக்குள் இருந்தாள். அப்போதுதான் எனக்கு அழுகை வந்தது.

காரியம் முடிந்த பிறகு, எருமையோடு இருந்த முழுப் படத்தையும் பிரிண்ட் போட்டு, அந்த எருமைக்கார அம்மாளிடம் கொண்டுபோய்க் கொடுத்தேன். விஷயத்தைச் சொன்னேன். படத்தை முந்தானையால் துடைத்துவிட்டு வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார். “அந்தப் பேனரு சும்மா கெடந்தா குடுங்க சார். தொழுவத்துல சாரல் அடிக்குது” என்றார். மொட்டைமாடியில் சுருண்டு கிடந்ததை அடுத்த நாளே கொண்டுபோய்ப் போட்டேன்.

போன வாரம் அந்தப் பக்கம் போனவன், பால் வாங்குகிற சாக்கில் உள்ளே போனேன். தொழுவத்தின் மேற்குப் பக்கம் பேனரைத் தட்டியாகக் கட்டியிருந்தார்கள். ரோட்டில் போகிறவர்கள் பார்த்தால் நன்றாக இருக்காது என்று படத்தை உள்பக்கமாகத் திருப்பியிருந்தார்கள். அக்கா சிரித்துக்கொண்டிருந்தாள். எருமை அவள் பக்கமாகத் தலையைச் சாய்த்து, நெற்றியைத் தட்டியில் வைத்து மேலும் கீழும் தேய்த்துக்கொண்டிருந்தது. மேகம் வெளுத்திருந்தது. ஒரு புறா போயே போய்விட்டது.

“எந்நேரமும் அங்கனயேதான் தேய்க்குது சார்” என்றார் அந்த அம்மாள், தப்பு செய்துவிட்டவரைப் போல. “டீச்சரம்மா கை அழிஞ்சிக்கிட்டே வருது. திருப்பிக் கட்டிரட்டுமா?”

“வேண்டாம்மா. அப்படியே இருக்கட்டும்” என்றேன்.