நாலு விரல் இடைவெளி

நான் எட்டாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன். படிப்பு வளராவிட்டாலும் பயம் நன்றாக வளர்ந்தது. ஜீப்பை எங்கே நிறுத்தினாலும் கைபிரேக்கை இழுத்து, கியரில் போட்டு, சக்கரத்துக்குக் கல்லும் கொடுப்பேன். பத்தடி நடந்துவிட்டுத் திரும்பி வந்து கல் இருக்கிறதா என்று பார்ப்பேன். இப்படிப்பட்டவன் அந்தக் காரியத்தைச் செய்தான் என்றால் என் வீட்டில்கூட நம்பமாட்டார்கள். நானும் வீட்டில் சொன்னதில்லை.

எழுபதுகளின் கடைசி அது. போடியிலிருந்து மெட்டு மலைக்கு மேலே ஓர் ஏலத்தோட்டத்துக்கு ஆள் ஏற்றிப் போவதுதான் என் சோலி. மொத்தம் பதினெட்டு பேர், எல்லாரும் பெண்கள். விடியும்போது ஏற்றி, பொழுது சாயும்போது கொண்டுவந்து இறக்க வேண்டும். அவர்களுக்குக் கங்காணியாக ஓர் அக்கா இருந்தார். என்னைவிடப் பத்து வயது மூத்தவர். முன்னொரு காலத்தில் வேறொரு ஜீப்பில் போனபோது பாரம் தாங்காமல் பட்டை முறிந்து வண்டி சாய்ந்ததில், அவருக்கு இடது கால் இழுப்பாகிவிட்டது. பட்டை என்பது வண்டிக்கு அடியில் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கிக் கட்டிய வளைந்த இரும்பு. மொத்தப் பாரமும் அதன்மேல்தான்.

அன்றிலிருந்து அக்காவுக்கு ஒரு வழக்கம். எல்லாரும் ஏறிய பிறகு பின்சக்கரத்தருகே குந்தி உட்கார்ந்து, டயருக்கும் மட்கார்டுக்கும் நடுவே நாலு விரலை அடுக்கி நுழைப்பார். நுழைந்தால் வண்டி கிளம்பலாம். பட்டை தாழ்ந்து விரல் இடித்தால், "எறங்குங்கடி ரெண்டு பேரு" என்பார். பதினாலு பேருக்கு மேல் என் வண்டியில் அந்த விரல் நுழைந்ததே இல்லை. மிச்சம் நாலு பேர் இரண்டாம் நடைக்காகக் காத்துக் கிடப்பார்கள். இன்று யார், நாளை யார் என்று முறை வைத்திருந்தார்.

எனக்கு அது நிம்மதியாகத்தான் இருந்தது. என் பயத்தில் பாதியை அக்காவின் கை சுமந்தது. ஆனால் பக்கத்து ஜீப்பு ஓட்டுகிறவன் விடமாட்டான்.

"என்ன மாப்ளே, ஒன் வண்டிக்கு நாடி பாத்தாச்சா? கஞ்சி குடிக்கலாமாமா?"

பெண்கள் சிரிப்பார்கள். நானும் சிரித்துவைப்பேன்.

காய் எடுப்பு மும்முரமான ஒரு நாள் தோட்டத்துக் கணக்கப்பிள்ளை என்னைக் கூப்பிட்டார். "பதினெட்டு பேரும் ஒரே நடையில வந்து எறங்கணும். பின்னால வர்ற நாலு பேருக்கு இனி அரைநாள்தான் போடுவேன். ஒன்னால முடியாதுன்னா சொல்லிரு, வேற வண்டி கெடக்கு."

தோட்டம் கைவிட்டுப் போய்விடும் என்ற பயம் அன்றைக்கு மற்ற எல்லாப் பயத்தையும் அமுக்கிவிட்டது. அக்காவிடம் பேசியிருக்கலாம். பேசவில்லை. நேரே பட்டறைக்குப் போனேன்.

மெக்கானிக்கு எனக்குத் தாய்மாமன் முறை. பின்பக்கத்தை ஜாக்கியில் தூக்கி, கட்டை கொடுத்து, துருப்பிடித்த போல்ட்டுகளை உளி வைத்து வெட்டினார். லாரியில் கழித்துப்போட்ட பட்டையைக் கொண்டாந்து, அளவுக்கு நறுக்கி, உலையில் பழுக்கவைத்து வளைவு அடித்தார். பக்கத்துக்கு ரெண்டு பட்டை கூட. பழைய போல்ட்டு எட்டாது என்று நீளமான போல்ட்டாகப் பார்த்துப் போட்டார். பெரிய வண்டிக்கு உரிய ஷாக்கப்சரையும் பொருத்தினார். ஒவ்வொரு நட்டையும் அவர் முறுக்கிய பிறகு நான் ஒரு தரம் முறுக்கிப் பார்த்தேன்.

"என் கை மேலயே சந்தேகமா மாப்ளே?" என்று சிரித்தவர், ஜாக்கியை இறக்கும்போது சிரிக்காமல் சொன்னார். "ஒண்ணு கேட்டுக்க. பட்டை தாங்கும். பிரேக்கு அதே பிரேக்குதான். பின்னாடி பாரம் கூடுனா முன்சக்கரம் ரோட்டை லேசாத்தான் தொடும். பாத்து ஏத்து."

நான் "பின்னால தாழாதுல்ல மாமா?" என்றுதான் கேட்டேன். அவர் பின்பலகையில் ஏறி நின்று குதித்துக் காட்டினார். வண்டி அசையவில்லை. எனக்குச் சந்தோஷமாக இருந்தது. எழுதக் கூசுகிறது, ஆனால் சந்தோஷமாகத்தான் இருந்தது.

மறுநாள் பதினெட்டு பேரும் ஏறினார்கள். அக்கா குந்தினார். விரல் நுழைந்தது. எடுத்துவிட்டு மறுபடி நுழைத்தார்.

"அட, இன்னைக்குக் கை தாராளமாப் போகுதே! என்ன தம்பி செஞ்ச?"

"சர்வீசு பண்ணுனேங்க்கா."

"நல்லாருப்ப. நாலு பிள்ளைகளுக்கு அரைநாளு மிச்சம்."

அந்த வாழ்த்தை வாங்கிக்கொண்டு வண்டியை எடுத்தேன். ஏறும்போதே ஸ்டீரிங் கைக்கு லேசாகிவிட்டது தெரிந்தது. தெரிந்தும் ஓட்டினேன்.

மூன்றாம் வாரம் நல்ல சாரல். காலையில் ஏறும்போது ஒரு கொண்டை ஊசி வளைவில் ஸ்டீரிங்கை முழுக்கத் திருப்பியும் முன்சக்கரம் திரும்பாமல் நேரே கைப்பிடிச் சுவரைப் பார்த்துப் போனது. பிரேக்கை மிதித்தேன். எஞ்சின் அணைந்தது. பாரத்துக்குப் பிரேக்கு நிற்காமல் வண்டி பின்னால் உருள ஆரம்பித்தது. எனக்குள் இருந்த ஏதோ ஒன்று ஸ்டீரிங்கை ஒடித்து, பின்பக்கத்தை மலைச்சரிவு மண்ணில் கொண்டுபோய் இடித்தது. ஒரு பெண்ணுக்கு மணிக்கட்டு பிசகியது. தூக்குச்சட்டிகள் சோற்றோடு பள்ளத்தில் உருண்டு போகும் சத்தம் வெகுநேரம் கேட்டது.

அழுகைக்கு நடுவே அக்கா இறங்கினார். காலை இழுத்துக்கொண்டு பின்சக்கரத்துக்குப் போய்க் குந்தி, கையை நுழைத்தார்.

"கை போகுதே... இப்பவும் போகுதே. எம் பார்வை தப்பல."

"ரோடு வழுக்கிருச்சுக்கா" என்றேன்.

நான் ஸ்டீரிங்கை விடாமல் உட்கார்ந்திருந்தேன். அக்கா பக்கத்தில் வந்து என் முழங்காலைத் தட்டிக்கொடுத்தார். "விடு. மழைக்கு நீ என்ன செய்வ?" பிறகு மற்றவர்களிடம் திரும்பி, "தம்பியை யாரும் ஒண்ணும் சொல்லாதீகடி. அவரு இல்லேன்னா இந்நேரம் பள்ளத்துல கெடப்போம்" என்றார். மணிக்கட்டு பிசகிய பெண்கூட என்னைக் கும்பிட்டது.

அதற்குப் பிறகும் பத்து நாள் பதினெட்டு பேரை ஏற்றினேன். இதுதான் என்னால் இன்றும் செரித்துக்கொள்ள முடியாதது. மெதுவாக ஓட்டினேன், சாமி கும்பிட்டுக்கொண்டே ஓட்டினேன், ஆனால் ஏற்றினேன். தினமும் அக்கா குந்தும்போது நான் கண்ணாடியைத் துடைப்பதுபோல் முகத்தைத் திருப்பிக்கொள்வேன். ஒரு ஞாயிற்றுக்கிழமை பட்டறைக்குப் போய்க் கூடுதல் பட்டைகளைக் கழற்றச் சொன்னேன். மாமா ஏன் என்று கேட்கவில்லை. அது கேட்பதைவிட மோசமாக இருந்தது.

திங்கட்கிழமை பதினெட்டு பேரும் பழக்கத்தில் ஏறிவிட்டார்கள். அக்காவின் விரல் இடித்தது. ஒரு விரல்கூட நுழையவில்லை. எழுந்திருக்காமல் அப்படியே தலையைச் சாய்த்து வண்டிக்கு அடியில் பார்த்தார். போல்ட்டு நீளமானது என்பதால், பட்டை கழன்ற அளவுக்கு அதன் திருகுமரை வெளியே நீண்டு பளபளத்தது.

"என்ன தம்பி இது?"

"கூடுதலாப் பட்டை போட்டிருந்தேன்க்கா. நேத்துக் கழட்டிட்டேன்."

"எதுக்குப் போட்ட?"

"தாழாம இருக்க."

அக்கா தன் கையைப் பார்த்தார். "அப்ப இத்தனை நாளும் நான் இந்தக் கையை எதுக்கு வச்சேன்?" என்றார். கோபமாகக்கூடச் சொல்லவில்லை. வைது தீர்த்திருந்தால் எனக்கு எளிதாகப் போயிருக்கும்.

நாலு பேரை இறக்கினார். அன்று மாலை அவரே கணக்கப்பிள்ளையிடம் போய், ரெண்டு நடைதான், எல்லாருக்கும் முழுநாள் கூலிதான், இல்லையென்றால் யாரும் வரமாட்டோம் என்று சண்டை போட்டார். காய் உதிர்கிற நேரம், கணக்கப்பிள்ளையும் ஒத்துக்கொண்டார். தோட்டம் என் கையைவிட்டுப் போகவில்லை. நான் முதலிலேயே அக்காவிடம் பேசியிருந்தால் இவ்வளவுதான் காரியம்.

ஆனால் அக்கா அதற்குப் பிறகு என் வண்டியின் சக்கரத்தருகே குந்தவில்லை. பின்னால் நின்று தலையை எண்ணுவார், சத்தமாக, ஒவ்வொருவராகத் தொட்டு. பதினாலு ஆனதும் பலகையை மூடிவிடுவார். நான் ஸ்டீரிங்கைப் பிடித்தபடி அந்த எண்ணிக்கையைக் கேட்டுக்கொண்டு உட்கார்ந்திருப்பேன். ஒருநாள் பொறுக்காமல் இறங்கிப் போனேன்.

"பழைய பட்டைதான்க்கா. கை வச்சுப் பாருங்க."

"இருக்கட்டும் தம்பி. எண்ணிட்டேன்."

ஏறி உட்கார்ந்துகொண்டார். நான் குனிந்து என் நாலு விரலை நுழைத்துப் பார்த்தேன். நுழைந்தது. உள்ளேயிருந்து ஒருத்தி, "வெரசா எடுங்கண்ணே, நேரமாச்சு" என்றாள்.