எண்பதில் நின்ற முள்

நிறுத்தி வைத்திருந்த வண்டி எண்பது கிலோமீட்டர் வேகத்தில் போய்க்கொண்டிருப்பதாக மீட்டர் முள் சொன்னது. ஆர்.டி.ஓ. மைதானத்தில் அதை ஓட்டிப் பார்த்த இன்ஸ்பெக்டர் இறங்கி, ஸ்டாண்டு போட்டு, சாவியை உருவிவிட்டு மறுபடியும் குனிந்து பார்த்தார். முள் இறங்கவில்லை.

"என்னம்மா இது, நிக்கும்போதே எண்பதுல போவுது?"

வரிசையில் எனக்குப் பின்னால் நின்றவர்கள் சிரித்தார்கள்.

"மத்ததெல்லாம் சரியா இருக்கு. மீட்டரைச் சரி பண்ணிட்டு வெள்ளிக்கிழமை காலையில கொண்டாங்க" என்று தாளை மடித்துக் கையில் கொடுத்தார். அன்று புதன்கிழமை.

துறைமுகத்துக்குள் எடைமேடையில் லாரிகளுக்கு எடைச்சீட்டுப் போடுவது என் வேலை. கேட்டிலிருந்து எடைமேடை மூன்று கிலோமீட்டர். லாரிகளுக்கு நடுவே நடந்துபோக விடமாட்டார்கள். சொந்த வண்டி வேண்டும், அந்த வண்டிக்குக் காகிதம் சுத்தமாக இருக்க வேண்டும். என்னுடையது என் அண்ணன் மஸ்கட் போகும்போது என் பெயருக்கு மாற்றிக் கொடுத்துவிட்டுப் போன பைக். அதற்குப் பதினைந்து வயது முடிந்துவிட்டது. பதிவைப் புதுப்பிக்காவிட்டால் சனிக்கிழமையோடு துறைமுகத்துக்குள் நுழைகிற என் பாஸ் காலி. என்னை வேலைக்கு வைத்த காண்டிராக்டர் ஏற்கெனவே இரண்டு தடவை எனக்காகப் பேசி, பாஸுக்குத் தேதி நீட்டி வாங்கிக் கொடுத்திருந்தார். மூன்றாவது தடவை போனில் சொன்னார்: "இனிமே என்னால முடியாதும்மா. ஆவலைன்னா இப்பமே சொல்லிருங்க, வேற ஆளைப் போடுதேன்."

வீட்டில் வேறு வருமானம் கிடையாது. என் வீட்டுக்காரர் உப்பளத்தில் வரப்பு வழுக்கி விழுந்து, தொடையில் கம்பி வைத்து, மூன்று மாதமாகக் கட்டிலில் கிடந்தார். அந்த முள் எண்பதிலிருந்து இறங்கினால்தான் எங்கள் அடுப்பில் உலை ஏறும் என்ற நிலை.

நான் கோபக்காரி. அதை மறைத்து என்ன ஆகப்போகிறது? மைதானத்திலிருந்து நேராக ஸ்பேர்ஸ் கடைக்குப் போய், "அண்ணாச்சி, மீட்டர் கேபிள் ஒண்ணு குடுங்க" என்றேன்.

கடைக்காரர் நிதானமான ஆள். "கிலோமீட்டர் ஓடுதாம்மா?" என்று கேட்டார்.

"கேட்டதை எடுத்துக் குடுங்க அண்ணாச்சி. வக்கீல் மாதிரி கேள்வி கேக்காதிய."

அவர் எடுத்துக் கொடுத்தார். அந்தக் கேள்விக்கு ஒரு நிமிடம் நின்று பதில் சொல்லியிருந்தால் எனக்கு அரைநாள் மிச்சமாகியிருக்கும். அவசரக்காரிக்குப் புத்தி மட்டு.

வீட்டு வாசலில் வைத்து நானே கேபிளை மாற்றினேன். முன்சக்கரத்தில் ஒரு திருகு, மீட்டருக்கு அடியில் ஒரு திருகு, அவ்வளவுதான் வேலை. எடுத்துத் தெருமுனை வரை ஓட்டினேன். முள் அதே எண்பதில் இருந்தது. அப்போதுதான் கண்ணில் பட்டது: முள்ளுக்குக் கீழே கிலோமீட்டர் எண்கள் ஒழுங்காக உருண்டுகொண்டிருந்தன. சக்கரத்திலிருந்து சுற்று மேலே வந்து சேர்கிறது, அப்படியானால் பழைய கேபிளிலும் கோளாறு இல்லை. அண்ணாச்சி அதைத்தான் கேட்டிருக்கிறார்.

எங்கள் ஊரில் இரும்புக்கு ஆயுள் குறைவு. காற்றிலேயே உப்பு இருக்கிறது. கேட்டுக் கீல், பூட்டு, ஜன்னல் கொக்கி, தையல் மெஷின் எல்லாவற்றுக்கும் வாராவாரம் எண்ணெய் விடாத பொம்பளையைச் சோம்பேறி என்று சொல்லிவிடுவார்கள். ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து வந்ததும் நான் எண்ணெய்க் குப்பியோடு வீட்டைச் சுற்றி வருவேன். கடைசியாக வண்டி. மீட்டருக்கு அடியில் இருக்கும் திருகைக் கழற்றி, கேபிளுக்குள்ளும் விட்டு மூடுவேன். அன்றும் அதே பழக்கம். புதுக் கேபிளாயிற்றே, துருப்பிடித்துவிடக் கூடாதே என்று தாராளமாகவே விட்டேன். மறுபடி ஓட்டிப் பார்த்தால் முள் எண்பதைத் தாண்டி, நூறைத் தாண்டி, கடைசிக் கட்டையில் போய் இடித்துக்கொண்டு நின்றது. நான் அப்போது சைக்கிளில் போகிற ஒருவருக்குப் பின்னால் போய்க்கொண்டிருந்தேன்.

வியாழக்கிழமை விடுப்புச் சொல்லிவிட்டு மூன்றாம் மைல் ஸ்டாப்பில் ஒரு மெக்கானிக்கிடம் போனேன். அவர் என்ஜினுக்கு அடியில் கட்டையைக் கொடுத்து முன்சக்கரத்தைத் தூக்கி, கேபிளை மேலே கழற்றிவிட்டுச் சக்கரத்தைக் கையால் சுற்றினார். கேபிள் நுனியில் கம்பி அழகாகச் சுழன்றது.

"கேபிள் நல்லாருக்கு, கீழ பல்சக்கரமும் நல்லாருக்கு. மீட்டருதான் போச்சுக்கா. புதுசு மாத்தணும்."

"மாத்துங்க தம்பி."

"இந்த மாடலுக்கு இங்கன எங்க கிடைக்கும்? மதுரைக்குச் சொல்லணும். திங்கக்கிழமை வந்துரும்."

"திங்கக்கிழமை வந்து எனக்கு என்னத்துக்கு? நாளைக்கிக் காலையில வேணும். திறந்து பாருங்களேன்."

"மீட்டரெல்லாம் நாங்க திறக்கது இல்லக்கா. உள்ள முடி மாதிரி ஒரு ஸ்பிரிங் இருக்கும். அது அந்துட்டா அப்புறம் என்னையத்தான் சொல்லுவிய."

இன்னும் நான்கு கடை ஏறி இறங்கினேன். நான்கிலும் மதுரை, நான்கிலும் திங்கட்கிழமை. கடைசிக் கடையில் நான் போட்ட சத்தத்தில் டீ குடித்துக்கொண்டிருந்தவர்கள் எழுந்து நின்றுவிட்டார்கள். அந்த மனிதர் என்ன பாவம் செய்தார்? எனக்கு அப்போது யார்மேலாவது விழ வேண்டியிருந்தது, அவ்வளவுதான்.

வீட்டுக்கு வந்ததும் கட்டிலுக்குப் பக்கத்தில் தரையில் உட்கார்ந்து அழுதேன். பிள்ளை பெற்றபோதுகூட அப்படி வாய்விட்டு அழுததில்லை. மாதாவே, ஒரு முள்ளுக்காகவா என் பிழைப்புப் போகணும் என்று தலையில் அடித்துக்கொண்டேன். வீட்டுக்காரர் தலையை மட்டும் என் பக்கம் திருப்பினார். பிறகு கேட்டார்:

"ஏளா, எடைமேடை தப்பாக் காட்டுனாலும் இப்படித்தான் ஒக்காந்து அழுவியா?"

எனக்கு வந்த ஆத்திரத்தில் தண்ணீர்ச் செம்பைத் தூக்கி எறிந்திருப்பேன். ஆனால் அவர் கேட்டது உள்ளே போய்விட்டது. எடைமேடையில் வருகிற எண் பொய்யாக இருந்தால் நான் திரையைத் தட்டிக்கொண்டிருக்க மாட்டேன், குழிக்குள் இறங்குவேன். ஒவ்வொரு தடவையும் மேடைக்கு அடியில் நிலக்கரியோ உப்போ சேர்ந்து, அசைய வேண்டியதை அசையவிடாமல் பிடித்துக்கொண்டிருக்கும். சுரண்டி எடுத்தால் எண் சரியாகிவிடும்.

எழுந்து போய் மீட்டரைக் கழற்றி எடுத்து வந்தேன். கட்டில் ஓரமாகப் பழைய பேப்பரை விரித்தேன். அவர் படுத்தபடியே செல்போன் வெளிச்சத்தைப் பிடித்தார்.

"உள்ள ஸ்பிரிங் அந்துட்டா?" என்று கேட்டேன்.

"அறாட்டாலும் வேலை போகப்போறதுதானே. திற."

பின்பக்கம் இரண்டு திருகு. எடுத்ததும் மூடி வழுக்கிக்கொண்டு வந்தது. உள்ளே சின்னதாக ஒரு காந்தம், அதைச் சுற்றி அலுமினியக் கிண்ணம், கிண்ணத்தின் தண்டில் முள். காந்தம் கிண்ணத்தைத் தொடவே கூடாது என்று பார்த்தாலே தெரிந்தது. இரண்டுக்கும் நடுவே ஒரு நூல் இடைவெளி விட்டிருந்தார்கள். அந்த இடைவெளி முழுக்கக் கறுப்பாக, கொழகொழவென்று, எண்ணெய். காந்தத்தைக் கேபிள் சுற்றினால் அந்தக் கொழகொழப்பே கிண்ணத்தையும் சேர்த்து இழுத்துக்கொண்டு போயிருக்கிறது. நின்ற பிறகும் விடாமல் பிடித்திருக்கிறது.

"மீட்டருக்குள்ள எண்ணெய் எப்படிப் போச்சு?" என்றார் அவர்.

கேபிளுக்குள் இருக்கும் கம்பி முறுக்குக் கம்பி. சுழலச் சுழல அது எண்ணெயை மேலே ஏற்றும். ஏற்றியிருக்கிறது. எத்தனை ஞாயிற்றுக்கிழமை! உப்புக் காற்றைத் திட்டியிருக்கிறேன், கேபிளைத் திட்டியிருக்கிறேன், கடைசிக் கடைக்காரரைத் திட்டியிருக்கிறேன். எல்லாம் இந்தக் கையால் நடந்த வேலை. சொந்தச் செலவில் சூனியம் வைத்துக்கொண்டவள் நான்.

அவருக்கும் புரிந்துவிட்டது. "அடி பாதகத்தி! மீட்டருக்கு எண்ணெ தேச்சுக் குளிப்பாட்டிட்டியே!" என்று சிரித்தார். சிரித்ததில் தொடை வலித்து "ஐயோ" என்று கத்தினார். கத்திக்கொண்டே சிரித்தார். எனக்கு அழுகையும் வந்தது, சிரிப்பும் வந்தது, அவமானமாகவும் இருந்தது.

ஊக்கு நுனியில் பஞ்சைச் சுற்றி, பெட்ரோலில் நனைத்து, இடைவெளிக்குள் விட்டு விட்டு எடுத்தேன். முடி போன்ற அந்த ஸ்பிரிங் என் மூச்சுக்கே ஆடியது. அறுந்தால் எல்லாம் முடிந்தது. ஒரு சொட்டு பெட்ரோல் முன்பக்கம் ஒழுகி, 60 என்ற எண்ணில் இருந்த ஆறில் பாதியை அழித்துவிட்டது. எட்டாவது பஞ்சோ ஒன்பதாவதோ, கறுப்பில்லாமல் வெளியே வந்தபோது, "ஏளா, முள்ளைப் பாரு" என்றார் அவர். முள் மெதுவாகக் கீழே வந்துகொண்டிருந்தது. பூஜ்யத்தில் வந்து நின்றது.

கேபிள் கம்பியை உருவித் துணியால் அழுத்தித் துடைத்தேன். மாட்டிவிட்டு முன்சக்கரத்தைச் சுற்றினேன். முள் ஏறியது. பிடித்து நிறுத்தினேன், இறங்கியது. நம்பிக்கை இல்லாமல் இருபது தடவை சுற்றியிருப்பேன். பக்கத்து வீட்டு அக்கா வந்து, "வண்டிக்கு என்னளா, காத்தாடி விடுதியா?" என்று கேட்டுவிட்டுப் போனார்.

வெள்ளிக்கிழமை காலையில் அதே மைதானம், அதே இன்ஸ்பெக்டர். அவர் வண்டியை எடுத்துக்கொண்டு எதிர்க்கோடி வரை போனார். அவ்வளவு தூரத்திலிருந்து எனக்கு முள் தெரியவில்லை, அவர் முதுகுதான் தெரிந்தது. அந்த முதுகைப் பார்த்துக்கொண்டு எத்தனை அருள்நிறை மரியே சொன்னேன் என்று எனக்கே தெரியாது. திரும்பி வந்து நிறுத்தினார். குனிந்தார். பாதி அழிந்த அந்த ஆறைக் கண்ணாடிமேல் விரலால் தடவினார். எனக்கு உயிர் போய் வந்தது.

"சரியாக் காட்டுதும்மா" என்று சொல்லி, தாளை வண்டி சீட்டில் வைத்துக் கையெழுத்துப் போட்டார்.

நான் கண்ணைத் துடைத்துக்கொண்டேன். அவர் அதைப் பார்க்கவில்லை. கேபிளைத் தொட்டுப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"கேபிள் புதுசா?"

"ஆமா சார்."

"நம்மூரு உப்புக் காத்துல ஒரு மாசம் தாங்காது. வாராவாரம் மேல கழட்டி, நல்லா எண்ணெய் விடணும் பாத்துக்கிடுங்க."

தாளை இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டேன்.

"விடுதேன் சார்" என்றேன்.