ஈயம் வந்த வழி

தண்ணீர்ப் பரிசோதனைக் கூடத்தில் அவளைப் ‘புட்டியக்கா’ என்பார்கள். கையில் புட்டி இல்லாமல் அவளை யாரும் பார்த்ததில்லை. ஆற்றோரக் குடியிருப்பில் குழந்தைகள் ஒன்றன்பின் ஒன்றாக வயிற்றைப் பிடித்துக்கொண்டு சுருண்டபோது, தண்ணீரில் ஈயம் இருப்பதைக் கண்டுபிடித்தவள் அவள்தான்.

“எங்கேர்ந்து வருதுன்னு பார்த்துட்டு வாங்க. ஒரு பேரு போதும்,” என்றார் அதிகாரி.

ஆற்றை எதிர்த்து நடந்தாள். இரண்டு ஓடைகள் சேருமிடத்தில் இரண்டிலும் நீர் மொண்டு மருந்து விடுவாள். ஈயம் இருந்தால் நீர் கறுக்கும்; கறுக்கிற பக்கம் போகலாம் என்று எண்ணம். முதல் இடத்திலேயே இரண்டும் கறுத்தன. ஒன்றைப் பிடித்துப் போனால் கூப்பிடு தூரத்தில் அது இரண்டாகப் பிரிந்தது; அதில் ஒவ்வொன்றும் மறுபடி இரண்டாக. ஓடை சிறுத்ததே தவிர உருவம் மாறவில்லை. ஆறு எப்படிக் கிளை விட்டிருந்ததோ, அச்சு அசலாக அப்படியே விட்டிருந்தது விரலகலக் கசிவும். எந்தக் கிளையும் தெளிவாக இல்லை. எதையும் விட முடியாமல் ஒன்பது நாள் நடந்தாள்.

கசிவுகளின் நுனியில், ஈயத்துக்காகப் பழைய பேட்டரி உடைக்கும் கொட்டகைகள் இருந்தன. நாற்பத்தொன்று.

“நான் கொட்டறது ஒரு வாளி. அதுலயா ஊரே சாகப்போகுது?” என்று எல்லாரும் சொல்லிவைத்த மாதிரி கேட்டார்கள். அதில் ஒரு கொட்டகை வைத்திருந்த அவளுடைய அண்ணனும் அதையே கேட்டார். பிறகு, “சாப்பிட்டியாம்மா?” என்றார்.

அண்ணன் பெயரையும் எழுதினாள்.

அதிகாரி பட்டியலைப் பார்த்துச் சிரித்தார். “இத்தனை பேரையும் உள்ளே தள்ளவா? யாராவது ஒருத்தரைச் சொல்லுங்க.” பேனா கடைசிப் பெயரில் நின்றது. “இது யாரு?”

“புருஷன் இல்லாதவங்க சார். ரெண்டு பொண்ணுங்க. ஆனா எல்லாரும்தான் சார்…”

“கேக்க நாதியில்ல. நல்லதாப் போச்சு.”

மற்ற பெயர்களை அவர் அடித்துக்கொண்டே வந்தார். அண்ணன் பெயர் மீது கோடு விழுந்தபோது அவளுக்கு மூச்சு இலேசானது. வெட்கமாக இருந்தது. ஆனாலும் கையெழுத்துப் போட்டாள்.

போலீஸ் வண்டியில் ஏறும்போது அந்தப் பெண் கேட்டாள்: “அக்கா, நீங்க எல்லா கொட்டகைக்கும் வந்தீங்களே?”

அடுத்த மாதமும் புட்டிகள் கறுத்தன. அதற்குள் மூன்று குழந்தைகள் போய்விட்டன.

ஒரு ஞாயிற்றுக்கிழமை அண்ணன் வீட்டுக்கு வந்து அவள் கையைப் பிடித்துக்கொண்டார். “என் பேரை எடுத்துட்டியாமே. நீ நல்லா இருக்கணும்மா.”

நான் எடுக்கவில்லை என்று அவள் சொல்லவில்லை.